சூழலியலும் முகாமைத்துவமும்: லிந்துலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

பழந்தமிழர் நிலத்தை வெறும் நிலமாகக் கண்டாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. இவ்வகுப்பிலே தொழிலானது மரத்தோடும் விலங்கோடும் ஒரே நிரலில் வைத்து எண்ணப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையொன்றில் திணைக் கோட்பாட்டைக் கவிதை மரபாக மட்டும் கொள்ளாது, பண்டைத் தென்னிந்திய சமுதாயத்தின் பொருளாதார வாழ்வோடு இணைத்து ஆராய்ந்தார். நிலத்தின் இயல்பு, அந்நிலத்தில் நிகழும் உற்பத்தி, அவ்வுற்பத்தியால் உருவாகும் மனித உறவு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கும் பார்வை தமிழுக்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இன்றைய கல்வியமைப்பு இம்மூன்றையும் மூன்று கட்டடங்களிற் கொண்டுபோய் வைத்துள்ளது. நிலத்தின் இயல்பை விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் கற்பிக்கின்றன. உற்பத்தியை நடத்தும் முறையை முகாமைத்துவ பீடம் கற்பிக்கின்றது. மனித உறவைக் கலைப்பீடம் தன் பங்காக ஏற்றுக்கொண்டுள்ளது. இப்பிரிவினையின் குறையை உணர்ந்தோர் அண்மைக் காலத்தில் சூழலியலையும் முகாமைத்துவத்தையும் ஒரே பட்டநெறியில் இணைத்துக் கற்பிக்க முற்பட்டுள்ளனர். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விவசாயத் தொழினுட்பத்தையும் முகாமைத்துவத்தையும் இணைத்த பட்டநெறி உண்டு. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் ஒரு தனிப் பட்டநெறியாகவே அமைந்துள்ளது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்விணைப்பு எதனை இணைக்கின்றது, எதனை விட்டுவிடுகின்றது என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். அவ்வினாவுக்கு விடை காணப் பாடநூல்களைக் காட்டிலும் ஒரு நிலத்தை நோக்குவதே பொருத்தமாகும். லிந்துலை அத்தகைய நிலம்.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை நோக்கிச் செல்லும் வீதியில் லிந்துலை அமைந்துள்ளது. தேயிலை வணிகர் திம்புள்ளை எனக் குறிப்பிடும் உயர்நிலப் பிரதேசம் இது. ஹோர்ட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கும் அக்ர ஓயா இப்பிரதேசத்தின் வழியாக இறங்கிக் கொத்மலை ஓயாவோடு சேர்கின்றது; கொத்மலை ஓயா மகாவலியிற் கலக்கின்றது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் இங்கு வீசும் வரண்ட குளிர்காற்றே கொழுந்துக்குத் தனி மணத்தை அளிக்கின்றது. அம்மாதங்களிற் பறிக்கப்படும் தேயிலை 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை பெறுவது வழக்கம். காற்றும் குளிரும் இங்கு நேரே விலையாக மாறுகின்றன. லிந்துலைக்கு அண்மையில், தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்திலே 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகின்றது. மண்ணை ஆராயும் கூடமும், இலாப நட்டம் பார்க்கும் துரையின் கந்தோரும், கொழுந்து பறிப்போரின் லயமும் ஒரே மலைச்சரிவில் அமைந்த இடம் இது. இரு சாத்திரங்களும் இணைந்து நிற்பதற்கு இதனினும் உகந்த களம் வேறில்லை எனலாம். அவை எவ்வாறு இங்கு நின்றன என்பதை வரலாறு காட்டும்.

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளிற் கோப்பி நின்றது. காட்டை வெட்டி எரித்து, மலை மலையாக ஒரே பயிரை நட்டமை அக்கால முகாமையின் வெற்றியாகக் கருதப்பட்டது. 1869இல் கோப்பியிலையிற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றிய ஒரு பங்கசு, இருபது ஆண்டுகளுக்குள் அவ்வெற்றியை இல்லாதொழித்தது. நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர், இடைவெளியின்றிப் பரந்து கிடந்த ஒரே பயிரே பங்கசின் பரவலுக்கு உகந்த களமாயிற்று என்று எடுத்துரைத்தார். அதற்கும் முன்னரே, 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுறுத்தியிருந்தார். சூழலியல் என்னும் பெயர் பரவுவதற்கு முன்னரே அதன் குரல் இம்மலைகளில் ஒலித்தது. அக்குரலின் ஒரு பகுதி கேட்கப்பட்டது. மலையுச்சிகளில் இன்று எஞ்சியுள்ள காடுகளுக்கு அதுவும் ஒரு காரணம். மறுபகுதி கேட்கப்படவில்லை. கோப்பி அழிந்த நிலத்தில் அதே முறையிலே தேயிலை நடப்பட்டது. பயிர் மாறியது, முறை மாறவில்லை. 1946இல் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய், வார்ட் கூறியதை வேறொரு செடியில் மீண்டும் கூறியது. அப்போது செம்பு கலந்த மருந்து கைகொடுத்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. தேயிலையிலைகளைச் சுருட்டி அவற்றினுள் இருந்து தின்னும் டோர்ட்ரிக்ஸ் என்னும் புழு, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டங்களை வருத்தியது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினம் கொண்டுவந்து விடப்பட்டது. அக்குளவி புழுவினுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் இயல்புடையது. நாளடைவிற் புழுவின் தொல்லை அடங்கிற்று. உலகில் உயிரியற் கட்டுப்பாடு வெற்றி கண்ட இடங்களுள் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகின்றது. ஆயின் 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்கும் நோக்குடன் டீல்டிரின் என்னும் நஞ்சு விசிறப்பட்டது. வண்டினை நோக்கி வீசிய நஞ்சு குளவியையும் கொன்றது. காவலை இழந்த தோட்டங்களில் டோர்ட்ரிக்ஸ் மீண்டும் பெருகிற்று. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்து உலகை விழிப்படையச் செய்வதற்கு முன்னரே, அந்நூலின் பாடம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடத்தி முடிக்கப்பட்டுவிட்டது. ஒரு பூச்சியை ஒரு செலவினமாகவும், ஒரு மருந்தை அதற்குரிய பரிகாரமாகவும் தனித்தனியே பார்க்கும் கணக்கேட்டுப் பார்வை, ஓர் உயிரை மற்றோர் உயிரோடு பிணைக்கும் கண்ணியைக் காணத் தவறியதன் விளைவே இது.

இவ்விரு நிகழ்வுகளும் முகாமையின் குறையைக் காட்டுவன. இவற்றைக் கொண்டு சூழலியலின் பக்கமே நியாயம் என்று முடிவு கட்டிவிடுதல் தவறாகும். மூன்றாவது நிகழ்வு அம்முடிவை மறுக்கின்றது.

2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே மூச்சில் சேதன விவசாயத்துக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. மண்ணையும் நீரையும் மனித உடலையும் காத்தல் என்னும் உயர்ந்த நோக்கு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்நோக்கு பொய்யானதென்று கூறவியலாது. ஆனால் தேயிலைச் செடியின் கணக்கு வேறு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. அத்தேயிலையின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன். ஆயிரம் கிலோ தேயிலை தோட்டத்தை விட்டு வெளியேறும்போது நாற்பது கிலோ நைதரசன் மண்ணைவிட்டு வெளியேறுகின்றது. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவே உண்டு. நூறு கிலோ யூரியா தரும் நைதரசனைப் பெற ஏறத்தாழ மூவாயிரம் கிலோ கூட்டெரு வேண்டும். இவ்வளவு எருவை எங்கிருந்து பெறுவது, எத்தனை நாளிற் செய்வது, எந்த வாகனம் ஏறாத மலைச்சரிவில் யார் தலையில் ஏற்றுவது என்பன முகாமைத்துவ வினாக்கள். அவ்வினாக்கள் கேட்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. தடை நீங்கிய பின்னரும் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் நின்றமையும் இவ்வீழ்ச்சிக்குத் துணைபோயிற்று.

மேலோட்டமாக நோக்குவோர் இம்மூன்று நிகழ்வுகளிலிருந்து ஓர் எளிய முடிவுக்கு வருவர். முகாமை அறியாத சூழலியல் குருடு. சூழலியல் அறியாத முகாமை முடம். ஆதலால் இரண்டையும் ஒருவரே கற்றுவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்பதே அம்முடிவு. இணைப்புப் பட்டநெறிகளின் அடிப்படை நம்பிக்கையும் இதுவே. இம்முடிவு பாதி உண்மை. மறுபாதியைக் காண்பதற்கு, உரத்தடை நடைமுறையில் இருந்த மாதங்களில் லிந்துலை போன்ற பிரதேசத்தில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை நோக்க வேண்டும்.

2021 மார்ச் மாதத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. பல்லாண்டு காலப் போராட்டத்தின் பயன் அது. சம்பளம் உயர்ந்ததும், அதற்கு ஈடாக நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் பல தோட்டங்களில் உயர்த்திக் கேட்கப்பட்டது. இரண்டு மாதங்களில் உரம் நின்றது. உரமற்ற செடியிற் கொழுந்து குறைந்தது. குறித்த கிலோவை எட்டாதவளுக்கு முழுப்பேர் இல்லை, அரைப்பேரே விழுந்தது. மண்ணில் ஏற்பட்ட நைதரசன் குறைபாடு, துரையின் மேசையிலிருந்த கட்டளை வழியாகச் சென்று, செக்ரோலில் அவள் பெயருக்கு எதிரே அரை நாளாகப் பதிவாயிற்று. சூழலியலாளன் இதனை மண்வளக் குறைவு என்பான். முகாமையாளன் இதனை உற்பத்தித் திறன் வீழ்ச்சி என்பான். இருவரும் பொய் கூறவில்லை. ஆனால் அந்த அரைநாளை இருவரது பாடநூலிலும் காணவியலாது.

2015இல் கிளைபோசேற் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டபோதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டபோதும் இதே நிலைமை காணப்பட்டது. நஞ்சின் தீமை பற்றியும், புல்வெட்டும் செலவு பற்றியும் பத்திரிகைகளில் வாதம் நிகழ்ந்தது. மருந்தடிக்கும் தொழிலாளியின் மூச்சு அந்த வாதத்தின் ஒருபுறம் இருந்தது. புல் மண்டிக் காடாகிய மலையிற் குளவிக்கும் பாம்புக்கும் அஞ்சிக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் அச்சம் மறுபுறம் இருந்தது. மருந்தடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஆபத்து ஒரே லயத்துக்கே உரியது. இவ்விரண்டையும் எடைபோடும் தராசு எவரிடமும் இருக்கவில்லை. டோர்ட்ரிக்ஸ் புழுவைக் கொன்ற குளவியைப் பற்றிய ஆராய்ச்சி நூலிற் பக்கங்கள் உண்டு. கொழுந்து மலையிற் கூடுகட்டித் தொழிலாளரைக் கொட்டிக் கொல்லும் குளவியைப் பற்றிய செய்தியோ நாளிதழின் மூலையில் நாலு வரியோடு முடிந்துவிடுகின்றது.

சூழலியல், பொருளியல் என்னும் இரு துறைகளின் ஆங்கிலப் பெயர்களும் வீடு என்று பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. சூழலியலுக்கு அப்பெயரை ஜெர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இட்டார். அடுத்த ஆண்டு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதே 1867இல் மார்க்சின் ‘மூலதனம்’ முதற்றொகுதி வெளிவந்தது. முதலாளித்துவ விவசாயம் மண்ணின் வளத்தையும் உழைப்பாளியின் வலுவையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது என்னும் கருத்து அந்நூலில் எடுத்துரைக்கப்பட்டது. இம்மூன்று நிகழ்வுகளும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும் லிந்துலைச் சரிவிலே அவை மூன்றும் சந்திக்கின்றன. வீட்டைப் பற்றிய இரு சாத்திரங்கள் அங்கு வந்து சேர்ந்தன. ஆனால் அங்கு வீடு இருக்கவில்லை, லயமே இருந்தது. பத்தடிக் காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்த அவ்வமைப்பு சூழற்றொகுதி என்னும் வரைவிலக்கணத்துள் அடங்கவில்லை; மூலதனச் சொத்து என்னும் தலைப்பின் கீழ் மட்டுமே அடங்கிற்று.

இந்த வெற்றிடத்தை நிரப்பியது இலக்கியமே என்பது வலியுறுத்திக் கூறத்தக்கது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோராக்கப்பட்டதைக் கண்டவர். 1954இல் நூலாக வெளிவந்த அவரது ஆங்கிலக் கவிதை, தேயிலைச் செடியின் அடியிற் பெயரும் கல்லறையுமின்றிப் புதையுண்ட மனிதரை நினைவுகூர்ந்தது. மண்ணின் சேதனப் பொருளில் மனித உடலும் அடங்கும் என்னும் கொடிய உண்மையை எந்த மண்ணியல் நூலும் அவ்வாறு கூறியதில்லை. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒற்றைக் காம்பராவில் நெருக்குண்டு வாழும் குடும்பத்தின் மானப் போராட்டத்தைச் சித்திரித்தது. வாழிடம் என்னும் சொல்லை உயிரியல் மாணவன் விலங்குக்கும் பறவைக்கும் உரியதாகவே கற்கின்றான். மனிதனுக்கு வாழிடம் மறுக்கப்படும்போது என்ன நிகழும் என்பதை அச்சிறுகதை கற்பிக்கின்றது. இவ்விரு படைப்புக்களையும் சூழலியல் ஆவணங்களாகக் கொள்வது இலக்கியத்தின் தகுதியைக் குறைப்பதாகாது. அவை எந்த அளவுக்குக் கலையாக வெற்றி பெற்றனவோ அந்த அளவுக்கே ஆவணமாகவும் நிற்கின்றன.

மலையக இலக்கியத்தின் மீதும் இவ்விடத்தில் ஒரு குறை கூறப்பட வேண்டும். கங்காணியின் கொடுமையையும் துரையின் அதிகாரத்தையும் தீட்டிய அளவுக்கு, செடியையும் மண்ணையும் நம் படைப்பாளர் பலர் உற்று நோக்கவில்லை. தேயிலை அவர்களுக்குப் பெரும்பாலும் பின்னணிப் பசுமையாகவோ கண்ணீரின் உருவகமாகவோ அமைந்தது. கவ்வாத்து வெட்டும் கத்தி எந்தக் கணுவில் இறங்க வேண்டும், கான் எந்தச் சரிவில் வெட்டப்பட வேண்டும், வங்கிக் கொழுந்தை எப்போது உடைத்தெறிய வேண்டும் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைகளில் தங்கிய அறிவு. அவ்வறிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் சுற்றறிக்கையிலும் முழுமையாக ஏறவில்லை, நாவலிலும் ஏறவில்லை. தொழிலாளியைத் துன்பப்படுபவனாக மட்டும் காட்டும் இலக்கியம், அவனை அறிவுடையவனாகக் காட்டத் தவறும்போது, அவனை ‘உழைப்பு’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கும் முகாமைத்துவ நூலுக்கு அறியாமலே துணைபோகின்றது.

இனி, இரு துறைகளையும் இணைத்துக் கற்கும் மாணவன் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல் யாதெனில் அது காலம் பற்றியது. மண்ணின் காலமும் ஐந்தொகையின் காலமும் வேறானவை. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நட விரும்பும் தோட்டம், முதலிற் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ நட்டு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் விதி. பின்னர் நட்ட கன்று பலன் தர மேலும் சில ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகளும் அந்நிலம் கணக்கேட்டில் நட்டமாகவே காட்சியளிக்கும். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகிய தோட்டங்கள், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். 2045இல் அது முடிவுறும். குத்தகை முடிவு நெருங்க நெருங்க, தான் பறிக்கப்போகாத செடியை நடுவதற்கு எந்தக் குத்தகையாளன் விரும்புவான்? இது ஒரு தனிமனிதனின் பேராசை பற்றிய வினா அன்று. உடைமையின் வடிவமே மண்ணின் காலத்தைத் தீர்மானிக்கின்றது. இந்த உண்மையைக் கற்பிக்காத இணைப்புக் கல்வி, மாணவனுக்கு இரு கருவிகளைக் கொடுத்துவிட்டு அவற்றைப் பயன்படுத்தும் கையைக் கட்டிவிடுகின்றது.

நிலைபேறான அபிவிருத்தி என்னும் கோட்பாடு 1987இல் பிரண்ட்லன்ட் ஆணைக்குழுவின் அறிக்கையால் உலகெங்கும் பரவியது. அதன் தோட்டத்து வடிவமாக ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முதலிய சான்றிதழ்கள் வந்துள்ளன. பச்சைத் தவளை முத்திரை பொறித்த பொதி வெளிநாட்டுச் சந்தையில் மதிப்புப் பெறுகின்றது. இதனை வெறும் வேடமெனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஓடைக் கரைகளில் மருந்தடிக்காத இடைவெளி விடப்பட வேண்டும், மருந்தடிப்போருக்குக் காப்பு உடை வேண்டும், குடிநீர் வேண்டும் என்பன அதன் விதிகள்; இவற்றால் நன்மை விளைந்துள்ளது. ஆயின் சான்றிதழ் என்பது வாங்குவோன் கேட்கும் வினாக்களுக்கான விடை. வாழ்வோன் கேட்கும் வினாக்கள் அதில் முதலிடம் பெறுவதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானதென்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மண் சரியும் என்பதைப் புவியியல் அறிந்திருந்தது. லயம் எங்குள்ளது என்பதை நிருவாகம் அறிந்திருந்தது. சரிவிலே வாழ்வோர் செல்வதற்கு வேறொரு துண்டு நிலம் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அறிவுக் குறைவால் நிகழ்ந்த அழிவன்று அது, நிலமற்றமையால் நிகழ்ந்தது.

கல்வியின் வாயிலிலேயே இப்பிரிவினை தொடங்கிவிடுகின்றது. க. பொ. த. உயர்தர வகுப்பில் நுழையும் மாணவன் பதினாறு, பதினேழு வயதிலே உயிரியலா வர்த்தகமா கலையா என்று தெரிவு செய்ய வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத நிலையில், தெரிவு என்பதும் பெயரளவிலேயே உள்ளது. தேயிலைச் செடியின் நடுவிற் பிறந்து வளர்ந்த பிள்ளை தாவரவியலைக் கற்க வழியின்றிக் கலைப்பிரிவுக்குச் செல்கின்றது. செடியை அறியாத ஊரிற் பிறந்தவர் அதனைக் கற்றுத் தோட்டத்துக்கு அதிகாரியாக வருகின்றார். அவ்வாறு வருபவர்மீது குற்றமில்லை. ஆயின் கையறிவும் நூலறிவும் ஒருவரிடத்தே சேரும் வாய்ப்பு இவ்வாறு தலைமுறைதோறும் தவறவிடப்படுகின்றது. சூழலியலும் முகாமைத்துவமும் கற்ற ஒரு லயத்துப் பிள்ளை துரையின் நாற்காலியில் அமர்வது தனிமனித முன்னேற்றம் மட்டுமாகாது. அத்தோட்டத்தின் கணக்கு முறையே மாறுவதற்கான ஒரு வாய்ப்பாகும். நாற்காலியில் அமர்ந்த பின் அப்பிள்ளை தானும் ஒரு துரையாகிவிடும் ஆபத்தும் உண்டு. அவ்வாபத்தைத் தடுப்பது பட்டம் அன்று. பட்டத்தினுள் எது கற்பிக்கப்படுகின்றது என்பதே.

ஆதலால் வேண்டப்படுவது இரு துறைகளின் இணைப்பு மட்டுமன்று. மூன்றாவது துறையின் சேர்க்கையாகும். உழைப்பின் வரலாறு, காணியுரிமையின் வரலாறு, அம்மக்கள் படைத்த இலக்கியம் ஆகியன இணைப்புப் பட்டநெறிகளிற் கட்டாய பாடங்களாதல் வேண்டும். அவ்வாறே கலைப்பீடத்து மாணவனும் மண்ணின் நைதரசன் கணக்கையும் கம்பனியின் ஐந்தொகையையும் வாசிக்கக் கற்க வேண்டும். சுரண்டல் என்னும் சொல்லைக் கட்டுரையில் எழுதுவது எளிது. அது எந்தப் பத்தியில், எந்தத் தலைப்பின் கீழ், எத்தனை ரூபாவாகப் பதிவாகின்றது என்று காட்டுவதே கடினம். அக்கடினத்தை ஏற்காத கலைக்கல்வியும், தான் குறைகூறும் பிற துறைகளைப் போலவே அரைக் கல்வியாகும்.

அக்ர ஓயாவின் நீர் கொத்மலை வழியாக மகாவலியிற் சேர்ந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஓரமாகவே ஓடுகின்றது. அதில் லிந்துலைச் சரிவின் மண்ணும், அச்சரிவிலிட்ட உரத்தின் எச்சமும் கலந்துள்ளன. வழியில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையத்துக்கும், அதன் கீழேயுள்ள கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் அந்நீரே மின்னாகின்றது. மண்ணரிப்பைக் குறைக்கும் கானை ஒழுங்காக வெட்டியவனுக்கு அந்த மின்னிலிருந்து ஒரு சதமும் பங்கு இல்லை. அந்த ஒரு சதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கத் தெரிந்த மாணவனை உருவாக்குமாயின், சூழலியலையும் முகாமைத்துவத்தையும் இணைத்த கல்வி தன் பெயருக்குத் தகுதி பெறும்.